ஏன் டீச்சர் கூடாது?

ஜூன் பிறந்தால் கொங்கு நாட்டில் ஜவுளிக்கடையிலும் சலூனிலும் ஒரே நேரத்தில் கூட்டம் சேரும். பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊர்ச் சலூனுக்குள் நுழைந்தாலும், மகனைக் கூட்டிவந்த அப்பாக்கள் சொல்வது ஒன்றுதான்: "ஸ்கூல் கட்டிங் வெட்டி உடுங்க." நாற்காலியில் உட்கார்ந்த பையன் கண்ணாடியைப் பார்த்தபடி, "அண்ணா, மேல மட்டும் கொஞ்சம் உடுங்கண்ணா" என்று மெல்லச் சொல்லிப் பார்ப்பான். காசு கொடுப்பவர் சொன்னதுதான் நடக்கும். காதுக்கு மேல் மிஷின் ஏறி இறங்கும்.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வேலை தினமும் வீட்டுக்குள் நடக்கிறது. எண்ணெய் வைத்து, நடுவகிடு எடுத்து, முடியை இரண்டாகப் பிரித்து, நுனிவரை பின்னி, பின்னிய சடையை மேலே மடித்து, பள்ளி சொன்ன நிற ரிப்பனால் காதுக்குப் பின்னால் இறுக்கிக் கட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்து தொங்கினால் பிரேயரில் பி.டி. டீச்சர் கண்ணில் பட்டுவிடும். பள்ளி வேன் ஏழரைக்கு வருமென்றால் அம்மா ஆறரைக்கே சீப்போடு உட்கார்ந்தாக வேண்டும். சுருட்டை முடிக்காரப் பிள்ளைகள் காலையிலேயே கண்ணீர் விடுவார்கள்.

என்றைக்காவது ஒரு பிள்ளை வாயைத் திறந்து, "ஏன் டீச்சர் கூடாது?" என்று கேட்டுவிடும். "எதிர்த்துப் பேசறியா? அப்பாவக் கூட்டிட்டு வா" என்று பதில் வரும். கேள்விக்குக் காரணம் வராது.

தோற்றம் பற்றிய பள்ளி விதிகளை மாணவர்கள் கேள்வி கேட்கலாமா? கேட்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன். எல்லா வழக்கிலும் நியாயம் மாணவர் பக்கமே இருக்கும் என்று சொல்லவில்லை. சில விதிகளைப் பள்ளி விட்டுக்கொடுக்கவே கூடாது; அதையும் சொல்லத்தான் போகிறேன். ஆனால் காரணம் சொல்ல முடியாத ஒரு விதியைப் பிள்ளைகள் தலையில் கட்டும் உரிமை எந்தப் பள்ளிக்கும் இல்லை.

"கட்டுப்பாடான ஸ்கூலுங்களா?"

இதைக் கொங்கு மண்ணில் நின்று பேசுவது எளிதல்ல. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் ஒரு காலத்தில் பிளஸ் டூ மாநில இடங்களை வரிசையாக அள்ளியவை. தமிழகத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்கே சேர்த்தார்கள். 2017-இல் அரசு தரவரிசை அறிவிப்பதை நிறுத்திய பிறகும் அந்தப் பெயர் மங்கிவிடவில்லை. பள்ளி விளம்பரங்களில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கும் சொல் 'ஒழுக்கம்'.

விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் ஓட்டும் அப்பாவும், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் அம்மாவும் பள்ளியைத் தேடும்போது முதலில் விசாரிப்பது, "கட்டுப்பாடான ஸ்கூலுங்களா?" என்றுதான். பகல் முழுக்கப் பிள்ளை கண்ணில் படாத வாழ்க்கை அவர்களுடையது. கைப்பேசி, போதைப் பொருள், கெட்ட சகவாசம் என்று அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. குட்டையாக வெட்டிய முடியும் மடித்துக் கட்டிய சடையும் அவர்களுக்கு ஒரு நிம்மதியைத் தருகின்றன. கையை மீறிப் போகவில்லை என்பதற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய அத்தாட்சி அது. அந்தப் பயத்தை மதிக்கிறேன். ஆனால் முடியின் நீளத்தை அளந்துவிட்டால் பிள்ளையின் மனத்தை அளந்துவிட்டதாகப் பள்ளியும் வீடும் நம்பிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ரிப்பன் சரியாக இருக்கும் பிள்ளை மூன்று வாரமாக யாரோடும் பேசாமல் இருந்தால் அதை எந்த பிரேயர் சோதனையும் கண்டுபிடிக்காது.

சீருடையை நான் எதிர்க்கவில்லை. காமராசர் காலத்தில், கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் தங்கள் பள்ளிக்குக் கொடுத்த கொடைகளில் சீருடையும் உண்டு. இன்று அரசு இலவசமாகத் தரும் சீருடையின் துணியில் பெரும்பங்கை ஈரோடு, திருச்செங்கோடு பக்கத்துத் தறிகள் நெய்கின்றன. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. யார் வீட்டில் பணம் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பது வகுப்பறையில் தெரியக் கூடாது என்பதே சீருடையின் காரணம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் இதை ஒரே வாக்கியத்தில் விளக்கிவிடலாம், பிள்ளையும் ஒத்துக்கொள்ளும். இரட்டைச் சடைக்கு அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லட்டும் பார்ப்போம்.

டர்பனில் ஒரு மூக்குத்தி

இந்தக் கேள்வியை உலகத்திலேயே மிகத் தெளிவாகக் கேட்டவர்களில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். அங்குள்ள டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் படித்தார் சுனாலி பிள்ளை. 2004 செப்டம்பர் விடுமுறையில் அம்மாவின் ஒப்புதலோடு மூக்குக் குத்திக்கொண்டு, சின்னத் தங்க மூக்குத்தியோடு பள்ளிக்குத் திரும்பினார். சாதாரணத் தோடும் கைக்கடிகாரமும் தவிர வேறு நகை கூடாது என்பது பள்ளியின் விதி. மகளைச் சேர்க்கும்போது அந்த விதிகளுக்கு அம்மாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

பள்ளி விளக்கம் கேட்டது. அம்மா எழுதிக் கொடுத்தார்: பெண் பருவமெய்தினால் மூக்குக் குத்துவது எங்கள் குடும்ப வழக்கம், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி இந்தத் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போட்டு ஆசீர்வதிப்பார், அழகுக்காகப் போட்டதல்ல. நம் ஊர்த் தெரட்டிச் சீரில், தாய்மாமன் கொண்டுவரும் சீர்த்தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்த எவருக்கும் இந்த விளக்கம் புரியும். பள்ளி நிர்வாகம் வல்லுநர்களைக் கலந்துகொண்டது. விலக்குத் தர முடியாது என்று முடிவு செய்தது. மூக்குத்தியைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் ஒழுங்கு நடவடிக்கை என்றது.

அம்மா சமத்துவ நீதிமன்றத்துக்குப் போனார். 2005-இல் அங்கே தோற்றார். மேல்முறையீட்டில், 2006-இல், பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1893-இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே ஊர். கல்வித் துறையும் பள்ளியும் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோயின. தலைமை நீதிபதி பயஸ் லாங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு 2007 அக்டோபர் 5 அன்று வந்தது. குடும்பம் வென்றது.

அந்தத் தீர்ப்பில் நமக்கு வேண்டிய சங்கதிகள் நிறைய இருக்கின்றன. மூக்குத்தி போட்டே ஆக வேண்டும் என்று எந்த மதக் கட்டாயமும் இல்லை என்பதை நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. கட்டாயம் இல்லாவிட்டால் என்ன, ஒருத்தி தன் விருப்பத்தோடு கடைப்பிடிக்கும் பண்பாடும் அவளுடைய அடையாளத்தில் சேர்த்திதான், அதற்கும் பாதுகாப்பு உண்டு என்றது. ஒருத்திக்கு விட்டால் எல்லோரும் கேட்பார்கள், கட்டுப்பாடு போய்விடும் என்பது பள்ளியின் வாதம். எல்லாப் பள்ளிகளும் எப்போதும் சொல்லும் வாதமும் அதுதான். சுனாலி இரண்டு வருடத்துக்கு மேலாக அந்த மூக்குத்தியோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். அதனால் ஒழுக்கமோ கல்வித் தரமோ கெட்டதற்குச் சான்று இல்லை என்று நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டது.

நகை கூடாது என்ற பள்ளியின் விதியை நீதிமன்றம் அடித்துப்போடவில்லை. விதி இருக்கட்டும், விலக்குக் கேட்பதற்கு ஒரு முறையும், நியாயமான விலக்குகளுக்கு இடமும் அந்த விதிக்குள்ளேயே இருக்கும்படி திருத்தி எழுதுங்கள் என்றது. இன்னொன்றும் சொன்னது, படித்தபோது என்னை நிறுத்திய இடம் அது. வழக்கு முழுக்க அம்மாதான் பேசினார். அந்த வயதுப் பெண் தன் நம்பிக்கைக்குத் தானே பொறுப்பேற்கத் தொடங்குகிறவள், அவளுடைய குரலையும் நாங்கள் கேட்டிருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் கருத்து. தீர்ப்பு வந்தபோது சுனாலி பள்ளிப் படிப்பை முடித்துப் போய்விட்டிருந்தார். திருத்திய விதியின் பலன் பின்னால் வந்த மாணவிகளுக்குக் கிடைத்தது.

விலக்கு நம்மிடமும் இருக்கிறது

கொங்குப் பள்ளிகள் விலக்கே தருவதில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்ட பையன் தாடியோடும் கருப்பு வேட்டியோடும் வருகிறான். ஆசிரியர்கள் அவனை 'சாமி' என்று கூப்பிடுகிறார்கள். பழனியில் மொட்டை போட்டுவந்த பெண்ணிடம் எந்த டீச்சரும் சடை எங்கே என்று கேட்பதில்லை. மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டிய பிள்ளையின் கையில் மஞ்சள் கயிறு இருக்கும். அதை யாரும் அறுக்கச் சொல்வதில்லை. உக்கடம், கோட்டைமேடு பக்கம் காலையில் போனால் முக்காட்டின் மேல் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு மாணவிகள் நடப்பதைப் பார்க்கலாம். இதனால் ஒரு பள்ளியிலும் வானம் இடிந்து விழவில்லை.

இந்த நல்ல மனம் எழுத்தில் இல்லாமல் தலைமையாசிரியரின் மனநிலையில் இருப்பதுதான் கோளாறு. தலைமையாசிரியர் மாறினால் விலக்கும் மாறும். கர்நாடகத்தில் நடந்ததைப் பார்த்தோம். 2021 கடைசியில் உடுப்பியில் ஒரு கல்லூரி வாசலில் தொடங்கிய முக்காட்டுப் பிரச்சினை மாநிலம் முழுக்கப் பரவியது. 2022 மார்ச் 15 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை ஏற்றது; அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்பு எழுதினார்கள். தடை செல்லாது என்ற நீதிபதி சுதான்ஷு துலியா, அந்தப் பெண்களின் படிப்பு நிற்கக் கூடாது என்பதையே முன்னிறுத்தினார். அவரோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஒரு துணிக்காக ஒரு பெண்ணைப் பரீட்சை எழுதவிடாமல் திருப்பி அனுப்பும் பள்ளி, எதற்காகத் திறக்கப்பட்டதோ அதையே மறந்துவிட்டது.

நம் ஊரில் கொடுக்கும் விலக்குகளைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். அவை சாமிக்கும் சடங்குக்கும் கிடைக்கின்றன. தலையில் தோல் நோய் இருக்கிறது, எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லை, தினமும் முடியை இறுக்கிக் கட்டினால் தலைவலி வருகிறது என்று பிள்ளை சொன்னால், "டாக்டர் சர்ட்டிபிகேட் கொண்டா" என்கிறார்கள். கடவுளுக்காகக் கேட்டால் உடனே கிடைப்பது, பிள்ளை தன் உடம்புக்காகக் கேட்டால் கிடைப்பதில்லை.

கயிறு வேறு

மறுபக்கத்தையும் பேசியாக வேண்டும். அடையாளம் என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் அணியலாமா?

2019 ஜூலை 31 அன்று தமிழகப் பள்ளிக்கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சில பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டுகிறார்கள், அதைக் கண்டறிந்து தடுங்கள் என்பது அதன் சாரம். பயிற்சி ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் கொடுத்த தகவல் அதற்கு அடிப்படை. மத அடையாளத்தில் கைவைப்பதாகச் சிலர் எதிர்த்ததும், அப்போது கல்வி அமைச்சராக இருந்த நம் கோபிசெட்டிபாளையத்துக்காரர் கே.ஏ.செங்கோட்டையன், அது தன் கவனத்துக்கு வராமல் போன அறிக்கை, பழைய நடைமுறையே தொடரும் என்றார். நான்கு வருடம் ஓடியது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே.சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று கொடுத்த 610 பக்க அறிக்கை, வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற அடையாளங்களுக்குப் பள்ளியில் தடை கேட்டது. 2019-இலேயே உறுதியாக நின்றிருக்க வேண்டியதை அன்று கைவிட்டது பெரிய தவறு.

மூக்குத்திக்கு ஆம், கயிற்றுக்கு இல்லை என்பது முரண்பாடு அல்லவா என்று கேட்கலாம். இரண்டையும் பிரிக்கும் கோடு எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. சுனாலியின் மூக்குத்தி பக்கத்து இருக்கைப் பிள்ளையை எதுவும் செய்யவில்லை. சாதிக் கயிறு பக்கத்து இருக்கைப் பிள்ளையைப் பார்த்து, நீ யார், எங்கே நிற்க வேண்டியவன் என்று தினமும் சொல்கிறது. ஒருவர் அணிவது இன்னொருவரின் மதிப்பையோ பாதுகாப்பையோ தொடுகிறதா? தொட்டால் பள்ளி தலையிட வேண்டும். தொடாவிட்டால் காரணத்தைப் பள்ளிதான் சொல்ல வேண்டும். இதே அளவுகோலில், நெற்றிக்குறி எல்லாவற்றையும் ஒரே தடையில் அடக்கிய சந்துரு குழுவின் பரிந்துரை எனக்கு அகலமாகப் படுகிறது. நெற்றியில் திருநீறு வைத்த குழந்தையும் சாதி நிறத்தில் பொட்டு வைத்த மாணவனும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டைத் தன் ஊரை அறிந்த ஆசிரியரால் பார்க்க முடியும்.

யாருடைய முடி ரவுடி முடி?

பையன்களின் முடிக்கு வருவோம். பாக்ஸ் கட்டிங், ஒன் சைடு, ஸ்பைக், பக்கவாட்டில் கோடு. இவற்றை வெட்ட வேண்டாம் என்று சலூன்காரர்களிடம் பள்ளிகள் கேட்டுக்கொள்ளும் செய்திகள் தமிழகத்தில் அவ்வப்போது வருகின்றன. 'புள்ளிங்கோ' என்று ஒரு முத்திரை குத்துகிறார்கள். யார் மேல் அது விழுகிறது என்று பாருங்கள். வசதியான வீட்டுப் பையன் கோடை விடுமுறையில் முடி வளர்த்தால் அது ஸ்டைல். கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பையன் அதே முடியோடு வந்தால் அவன் ரவுடி. இந்தப் பார்வை பள்ளிக்கூடம் கண்டுபிடித்ததல்ல. யார் செருப்புப் போடலாம், யார் தோளில் துண்டு போடலாம் என்று ஊர் விதி வைத்திருந்த மண் இது. தோற்றத்தை வைத்து ஆளை அளக்கும் பழக்கம் இப்போது தலைமுடியில் வந்து நிற்கிறது.

இதைவிட மோசம், ஆசிரியரே கத்தரியை எடுத்து எல்லோர் முன்பும் ஒரு பையனின் முடியைக் கோணலாக வெட்டிவிடுவது. தமிழ்நாடு 2003-இலேயே கல்வி விதிகளைத் திருத்தி உடல் தண்டனையை நீக்கிவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. முடியை வெட்டி அவமானப்படுத்துவது இரண்டிலும் சேரும். அதற்குப் பிறகும், "எங்க காலத்துல அடி வாங்கித்தான் உருப்பட்டோம்" என்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: உருப்படாமல் படிப்பை விட்டுப் போனவர்கள் உங்கள் பக்கத்தில் நின்று பேச வாய்ப்பில்லை.

ஜப்பானில் நம்மைவிடக் கடுமை. ஒசாகாவில், பிறவியிலேயே பழுப்பு முடி உள்ள ஒரு மாணவியைக் கருப்புச் சாயம் பூசிக்கொண்டு வரச் சொன்னது ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. தலை எரிந்து, கடைசியில் அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். 2017-இல் வழக்குப் போட்டார். 2021 தீர்ப்பில் நீதிமன்றம் முடி விதி செல்லும் என்றது. ஆனால் அவருடைய மேசையையும் பெயரையும் வகுப்பிலிருந்து எடுத்ததற்காக 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. வழக்கில் பாதிதான் வென்றார். நாடு முழுக்க எழுந்த விவாதத்தின் விளைவாக, 2022 ஏப்ரலில் டோக்கியோவின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் கருப்பு முடிக் கட்டாயம் உள்ளிட்ட விதிகளைக் கைவிட்டன.

பக்கத்திலேயே கேரளம். பெரும்பாவூர் அருகே வளையன்சிறங்கரை அரசுத் தொடக்கப் பள்ளி, ஆண் பெண் எல்லோருக்கும் சட்டையும் முக்கால் கால்சட்டையும் சீருடையாக்கியது. பெண் பிள்ளைகள் பாவாடையைப் பிடித்துக்கொள்ளாமல் ஓடி விளையாட முடிகிறது என்பதுதான் காரணம். சுடிதாருக்கு மேல் ஓவர்கோட்டும் அதற்கு மேல் பின் குத்திய துப்பட்டாவுமாக ஏப்ரல் வெயிலில் பெண்களை உட்கார வைக்கும் நம் பள்ளிகள் இதை ஒருமுறை யோசிக்கலாம். எந்தப் பாடத்தைக் கற்க அந்த மூன்றாவது துணி உதவுகிறது?

எப்படிக் கேட்பது?

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தனியாகப் போய் வாசலில் மோதாதீர்கள். நான்கு பேராகச் சேருங்கள். எந்த விதி, அதனால் என்ன கஷ்டம், பதிலுக்கு என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மரியாதையோடு எழுதிய கடிதத்தை எதிர்ப்பு என்று தள்ளுவது பள்ளிக்குக் கடினம். அரசுப் பள்ளி என்றால் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது, 14417 உதவி எண் இருக்கிறது. யாராவது அடித்தாலோ அவமானப்படுத்தினாலோ 1098.

ஆனால் முழுச் சுமையையும் பிள்ளைகள் தலையில் வைப்பது நியாயமில்லை. பிளஸ் டூ மாணவருக்குச் செய்முறைத் தேர்வு மதிப்பெண் ஆசிரியர் கையில் இருக்கிறது; "டி.சி. வாங்கிக்கோ" என்ற மிரட்டல் எப்போதும் தலைக்கு மேல் தொங்குகிறது. அந்த நிலையில் இருப்பவரைத் துணிந்து பேசு என்று தூண்டிவிட்டு நாம் வேடிக்கை பார்க்கக் கூடாது. பெற்றோர் கூட இருக்க வேண்டும். 1992-இல் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010-இல் வெளியிட்ட மாதிரி விதிகளிலேயே, பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் அல்லாத இடங்களில் ஒரு பங்கை உள்ளூர்க் கல்வியாளர்களையோ அந்தப் பள்ளிக் குழந்தைகளையோ கொண்டு நிரப்பலாம் என்று இருக்கிறது. அந்த நாற்காலியில் பிள்ளை உட்கார்ந்து பார்த்தவர்கள் அபூர்வம். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு அந்தக் குழுவே கட்டாயமில்லை. கொங்குப் பிள்ளைகளில் கணிசமானவர்கள் படிப்பதோ அங்கேதான்.

தனியார் பள்ளிகளின் அடுத்த வருட டைரி மே மாதமே அச்சுக்குப் போய்விடும். தோற்றம் பற்றிய விதிகள் அதன் முதல் சில பக்கங்களில் இருக்கும். சேர்க்கையின்போது பெற்றோர் படிக்காமலே கையெழுத்துப் போடுவார்கள். இந்த வருடம் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஏப்ரலில் ஒரு மதியம் ஒதுக்கட்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வகுப்புக்கு இரண்டு மாணவர்கள், நான்கு பெற்றோர், நான்கு ஆசிரியர்கள் உட்காரட்டும். விதிகளை ஒவ்வொன்றாக வாசித்து, எதிரே காரணத்தை எழுதட்டும். விலக்கு வேண்டுமென்றால் யாரிடம், எத்தனை நாளுக்குள் பதில் என்று ஒரு பக்கம் சேர்க்கட்டும். காரணம் கிடைக்காத விதியை அடித்துவிட்டு மீதியை அச்சுக்கு அனுப்பட்டும்.